அரை மொட்டையின் வழக்கு

1

சிங்கப்பூருக்கு வந்து ஏழு வருஷம் ஆகிறது. மலாய் எனக்கு நன்றாக வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போன வாரம் பிரசவ ஆஸ்பத்திரி வராந்தாவில் என் மானம் கப்பலேறியது.

என் மனைவி நபீஸாவுக்கு வலி எடுத்து ஒரு பகல் முழுக்கப் போயும் பிள்ளை வரவில்லை. சாயங்காலம்தான் உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. கதவைத் திறந்து வந்த மலாய் நர்ஸ் சிரித்தபடி பெண் குழந்தை என்றாள். அல்ஹம்துலில்லாஹ் என்றேன். ஆனால் எனக்கு வேறொன்று தெரிய வேண்டியிருந்தது. 'ஆயுதம் போட்டு எடுத்தார்களா?' என்று நம் பக்கத்தில் கேட்போமே, குறடு போட்டு இழுத்தார்களா என்று, அதை அப்படியே மலாயில் கேட்டுவைத்தேன். ஆயுதத்துக்கு எனக்குத் தெரிந்த மலாய்ச் சொல் ஒன்றே ஒன்றுதான். துறைமுகக் காவல்காரர்கள் தோளில் மாட்டிக்கொண்டு திரிவார்களே, அதற்குச் சொல்வது. பிரசவ அறையில் துப்பாக்கி இருந்ததா என்று விசாரிக்கும் ஆளை அந்தப் பெண் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டாள். ஒரு அடி பின்னால் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் டாக்டரே வந்தார். சீனர், சின்ன வயது. கூடவே வார்டில் வேலை செய்யும் நாகப்பட்டினத்து அஞ்சலையம்மாளைத் துணைக்கு அழைத்து வந்திருந்தார். அவர் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, அஞ்சலையம்மாள் தமிழில் சொன்னார்.

"தம்பி, பயப்படாம கேட்டுக்குங்க. புள்ள தலை திரும்பாம நின்னுபோச்சாம். அதனால ஆயுதம் போட்டுத்தான் எடுத்திருக்காரு. கன்னத்துல செவப்பாக் கோடு இருக்கும், நாலஞ்சு நாள்ல போயிரும். தலைல லேசா வீக்கம் இருக்கு, அது கரைய இன்னும் நாளாகும். தடவிப் பாத்துட்டாராம், எலும்புல ஒண்ணும் இல்லையாம். ஆனா வீட்டுக்குப் போனப்புறம் வீக்கம் பெருசானாலோ, பால் குடிக்காட்டியோ, ஒரு கையி அசையாட்டியோ, தாமசம் பண்ணாம தூக்கிட்டு வரணுமாம். ராத்திரியானாலும் சரியாம்."

நான் அழுதுவிட்டேன். கண்ணைத் துடைத்துக்கொள்கிற அழுகை இல்லை. சுவரில் சாய்ந்து, தோள் குலுங்க அழுத அழுகை. டாக்டர் பதறிப்போய் அஞ்சலையம்மாளிடம், நீ என்ன சொல்லித் தொலைத்தாய் என்கிற தோரணையில் கேட்டார். "நீங்க சொன்னதத்தான்யா சொன்னேன்" என்று அவரும் பதறினார். நல்ல செய்தியைக் கேட்டு இப்படி அழுகிறவனிடம் என்ன செய்வது என்று தெரியாமல், டாக்டர் என் முதுகில் இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போனார்.

அவருக்கு விளக்கிச் சொல்ல என் மலாய் போதாது. இங்கிலீஷைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அதனால் ஊரில் இருக்கும் உங்களுக்குச் சொல்கிறேன். அவர் போகிறபோக்கில் சொன்ன அந்த நாலு வார்த்தைக்காக, ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ராயபுரத்தில் என் தங்கை குடும்பம் கோர்ட்டுப் படி ஏறியது.

2

பிறப்பைப் பதியப் போன கதை தனி. குடும்பப் பெயர் என்ன என்று குமாஸ்தா கேட்டார். எங்களுக்குக் குடும்பம் உண்டு, அதற்குப் பெயர் கிடையாது என்று சொல்லிப் பார்த்தேன். அவர் என் பெயரை நடுவில் வெட்டி, பின்பாதியைக் குடும்பமாக்கிவிட்டார். என் அத்தாவின் பெயரை எங்கே எழுதுவது என்றால் அதற்குக் கட்டம் இல்லையாம். குழந்தை எப்படிப் பிறந்தது என்பதற்கும் கட்டம் இல்லை. பிறந்தது, பெண், இன்ன இடம். அவ்வளவுதான் சர்க்காருக்கு வேண்டும்.

தஞ்சோங் பகாரில் எங்கள் வரிசை வீடுகளில் கடையநல்லூர்க்காரர்கள் அதிகம். நான் வாயைத் திறந்து "இன்னா" என்றாலே "மெட்ராஸ் வந்துட்டாரு" என்று சிரிப்பார்கள். நானும் விடாமல் "கீது" "வந்துகினு" என்று பேசி அவர்கள் காதைத் துளைக்கிறேன். வீட்டுக்குள்தான் என் வீரம் செல்லவில்லை. மூத்தவள் மும்தாஜ் ராயபுரத்தில் பிறந்தவள், கைக்குழந்தையாகக் கப்பலேறியவள். நான் தமிழில் கேட்டால் அவள் மலாயில் பதில் சொல்கிறாள். பக்கத்து வீட்டு மலாய்க்கார ரொக்கியா அக்காளின் பிள்ளைகளோடு விளையாடி விளையாடி, தூக்கத்தில் உளறுவதுகூட மலாயில்தான். "இவளுக்கு ஊர்ல மாப்பிள்ளை பாத்தா, அவன்கிட்ட எப்படிச் சண்டை போடுவா?" என்று நபீஸா கவலைப்படுகிறாள். சண்டை போட மொழி வேண்டுமா என்ன என்று நான் கேட்டேன். முறைத்தாள்.

வேலைக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் சட்டையைக் கழற்றும் முன்னால் புதுக் குழந்தையின் கைகளைத்தான் பார்க்கிறேன். இரண்டும் ஆடுகின்றனவா? ஆடுகின்றன. பால் குடித்தாளா? குடித்தாள். வீக்கம்? நேற்று இருந்த மாதிரியேதான், கொஞ்சம் மட்டு. அப்புறம்தான் எனக்குச் சோறு இறங்குகிறது.

3

என் தங்கை ஜுபைதாவின் புருஷன் காதர், மெட்ராஸ் துறைமுகத்தில் விஞ்சு ஓட்டுபவன். கப்பல் வயிற்றிலிருந்து சரக்கைத் தூக்கி, ஒரு மூட்டை உரசாமல் கரையில் இறக்குவான். கையில் அவ்வளவு பொறுமை. வாயில் அதில் கால்வாசி கிடையாது. நானும் அப்போது அதே துறைமுகத்தில் சரக்கு எண்ணும் வேலையில் இருந்தேன்.

ஜுபைதா முழுகாமல் இருந்தபோது, வீட்டில் மருத்துவச்சியை வைத்துப் பார்க்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். காதர் கேட்கவில்லை. "கம்பெனி ஆளுங்க பொஞ்சாதி மாதிரி என் பொஞ்சாதியும் கட்டில்ல படுத்துப் பெத்துக்கட்டும், உங்களுக்கு இன்னா பேஜாரு?" என்று தனியார் நர்சிங் ஹோம் ஒன்றில் பேசி வைத்தான். நடத்தியவர் ஒரு டாக்டரம்மா. நல்ல பெயர் எடுத்தவர், அதுவரை அவரைக் குறை சொல்ல எங்களுக்கும் காரணம் இல்லை.

அன்றைக்கு ஜுபைதாவுக்கு மயக்க மருந்து கொடுத்துத்தான் பிள்ளையை எடுத்தார்கள். ஆண் குழந்தை. தலையில் கம்பளிக் குல்லா போட்டுக் கொண்டுவந்து காட்டினார்கள். முகத்தில் ஒரு பக்கம் சிவந்திருந்தது. காதர் அதைக் காட்டிக் கேட்டான். "ஒண்ணுமில்லை, சரியாயிடும்" என்றார் நர்ஸ். டாக்டரம்மா வந்தபோது நான் கேட்டேன். "ஒன்றுமில்லை, கஷ்டப்பட்டுப் பிறந்த பிள்ளை, அவ்வளவுதான்" என்றார். ஆயுதம் என்ற பேச்சே யார் வாயிலிருந்தும் வரவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு பிள்ளை சரியாகப் பால் குடிக்கவில்லை. சோம்பேறிப் பிள்ளை என்று தெருப் பெண்கள் கேலி செய்தார்கள். வலது கையை மட்டும் மார்போடு ஒட்டியே வைத்திருந்தான். ஜுபைதாவுக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. "ண்ணே, இவன் என்னமோ மாதிரி கீறான்ணே" என்றாள். நானும் அவளிடம், ஒன்றுமில்லை, பெரியவர்கள் பார்த்துத்தானே அனுப்பினார்கள் என்றேன். எல்லோரும் சொன்னதை நானும் சொன்னேன்.

4

எங்களில் ஏழாம் நாள் அகீகா. ஆடு அறுத்து விருந்து வைத்து, பிள்ளைக்கு மொட்டையடித்துப் பெயர் வைப்போம். மொட்டையை வலப்பக்கத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் அடிக்க வேண்டும். முதலாவது மார்க்கத்தில் உள்ளது. இரண்டாவது எங்கள் தெருவில் உள்ளது. இரண்டையும் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

பிள்ளை என் மடியில் இருந்தான். நாவிதர் மஸ்தான் தண்ணீர் தொட்டு முடியை நனைத்து, பிஸ்மி சொல்லி, வலப்பக்கத்தை மழித்து முடித்தார். வாசலில் சொந்தக்காரர்களும் காதரின் துறைமுகக் கூட்டாளிகளும் நிறைந்திருந்தார்கள். இடப்பக்கம் நல்ல அடர்த்தி. அதை ஈரம் தொட்டு விரலால் நீவிவிட்ட மஸ்தானின் கட்டைவிரல் காதுக்கு மேலே ஒரு இடத்தில் நின்றது. மறுபடி நீவினார். மறுபடி நின்றது.

"மாமு," என்றார் என்னிடம், குரலைத் தாழ்த்தி. "இங்க பள்ளம் கீது. நான் கத்திய வெக்க மாட்டேன்."

என் விரலைப் பிடித்து வைத்தார். முடிக்கு அடியில், எலும்பு இருக்க வேண்டிய இடம் உள்ளே போயிருந்தது. நசுங்கிய பித்தளைச் சொம்பில் விரல் வைத்த மாதிரி இருந்தது. அதே சமயம் பிள்ளையின் வலது கை வெட்டி வெட்டி இழுத்தது.

விருந்து அப்படியே கிடந்தது. காதர் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு தெருவில் ஓடினான், பின்னால் நான், எனக்குப் பின்னால் பச்சை உடம்புக்காரி ஜுபைதா. குதிரை வண்டி பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிள்ளைக்குப் பெயர்கூட வைக்கவில்லை. வார்டில் சேர்க்கும்போது பெயர் கேட்டார்கள், ஆளுக்கொரு பக்கம் விழித்தோம். ஒரு பக்கம் வழவழவென்றும் மறுபக்கம் கருகருவென்றும் இருந்த தலையைப் பார்த்துவிட்டு நர்ஸ் ஒருத்தி 'அரை மொட்டை' என்றாள். டிஸ்சார்ஜ் ஆகும்வரை அந்த வார்டு முழுக்க அவனுக்கு அதுதான் பெயர்.

அங்கே ஒரு சர்ஜன், பேச்சு குறைவு. எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார். எலும்பு உள்ளே அழுந்தி மூளையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, தூக்கிவிட வேண்டும் என்றார். தூக்கியும் விட்டார். வலிப்பு நின்றது. பிள்ளை பால் குடித்த அன்று ஜுபைதா அழுதுகொண்டே கொடுத்தாள், அவன் அதைக் கண்டுகொள்ளவில்லை, குடித்துக்கொண்டே இருந்தான். யூசுப் என்று பெயர் வைத்தோம்.

"எதனால சார் இப்படி?" என்று சர்ஜனைக் கேட்டேன். "ஆயுதம் போட்டால் எப்போதாவது இப்படி ஆவதுண்டு" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "யார் தப்பு என்று என்னிடம் கேட்காதே. நான் அங்கே இல்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆயுதம் என்பதை அப்போதுதான் முதல் தடவையாகக் கேள்விப்பட்டோம்.

5

அதற்குப் பிறகு காதரைப் பிடித்து வைப்பதே என் வேலையாகிப்போனது. வியாசர்பாடியில் அவனுக்குக் குத்துச்சண்டைக்காரத் தோஸ்துகள் உண்டு. நாலு பேரைத் திரட்டிக்கொண்டு நர்சிங் ஹோமை உடைக்கக் கிளம்பிவிட்டான். "கண்ணாடி ஒண்ணு நிக்காது மச்சான். எம் புள்ள மண்டைய ஒடச்சுட்டு ஒண்ணுமில்லன்றாங்கோ!" கிளம்பியவனை வாசலில் மறித்து, வக்கீலைப் பார்த்துவிட்டு அப்புறம் உடை என்று சொல்லி, தோஸ்துகளோடேயே டிராமில் ஏற்றினேன்.

வக்கீல் ஞானமுத்து ராயபுரத்துக் கிறிஸ்தவர். வேர்க்கடலை தின்றுகொண்டேதான் கட்சிக்காரரிடம் பேசுவார். தோலை ஊதித் தள்ளிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"மொதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோ," என்றார் காதரிடம். "ஆயுதம் போட்டது குத்தம் இல்ல. போடாம இருந்திருந்தா, புள்ளயும் தாயும் ரெண்டு பேரும் போயிருக்கலாம்."

"இன்னா சார், அவங்க பக்கம் பேசுறீங்கோ?"

"சட்டத்தின் பக்கம் பேசறேன். நெதானமா, பக்குவமா போட்டாங்களா? இல்லன்னா அது அஜாக்கிரதை. போட்டப்புறம் தலையத் தடவிப் பாத்தாங்களா? பாத்தத உன்கிட்ட சொன்னாங்களா? அதான் கேள்வி. சொல்லியிருந்தா நீ அன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்ப. சொல்லாததுதான் உன் கேஸு."

காதர் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு கேட்டான்.

ஞானமுத்து விவரமாகச் சொன்னார். போலீஸ், மாஜிஸ்திரேட் என்று போகலாம். ஆனால் கிரிமினல் கேஸுக்கு வேண்டிய அளவு அஜாக்கிரதையை நிரூபிப்பது குதிரைக்கொம்பு, அதில் ஜெயித்தாலும் பிள்ளையின் வைத்தியத்துக்கு ஒன்றும் வராது. டாக்டர்களைப் பதிவு செய்யும் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். அவர்கள் விசாரித்து எச்சரிப்பார்கள், பெரிய தப்பென்றால் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்குவார்கள். சிவில் கோர்ட்டில் நஷ்டஈடு கேட்டுப் பிராது போடலாம். பிள்ளைக்காக அப்பன் போட வேண்டும், பிராதில் பிள்ளையின் பெயர்தான் இருக்கும். கோர்ட்டுக் கட்டணத்துக்கு வழியில்லை என்றால் ஏழை வழக்கு என்று மனு கொடுக்கலாம். இதுவே சர்க்கார் ஆஸ்பத்திரியாக இருந்தால் முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்துக் காத்திருக்க வேண்டும், இது தனியார் என்பதால் அந்தச் சங்கடம் இல்லை.

"இப்ப முடியலன்னா?" என்று கேட்டேன் நான். காதருக்குப் பொறுமை போய்விடுமோ என்ற பயம்.

"முடியலன்னா வுடு. புள்ளயோட உரிமை சாகாது. அவனுக்குப் பதினெட்டு முடிஞ்சு இன்னும் மூணு வருஷம் வரைக்கும் அவனே வந்து கேக்கலாம். ஆனா அதுக்குள்ள சாட்சி இருக்குமா, சாட்சிக்கு ஞாபகம் இருக்குமா? அத நீ யோசிச்சுக்கோ." ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டு, காதரின் பின்னால் நின்ற தோஸ்துகளைப் பார்த்தார். "இன்னொண்ணு. இவங்கள்ல ஒருத்தன் ஒரு கல்லு வுட்டான்னா, அப்புறம் இது உன் கேஸு இல்ல. அவங்க கேஸு."

வரும் வழியில் காதர் தோஸ்துகளை டீக்கடையில் உட்காரவைத்து, "வூட்டுக்குப் போங்கடா. வக்கீல் சொல்லிக்கீறாரு" என்று அனுப்பிவைத்தான். குத்துச்சண்டைக்காரர்கள் ரொம்ப வருத்தத்தோடு போனார்கள்.

6

வக்கீல் நோட்டீஸுக்கு எதிர்த்தரப்பு வக்கீலிடமிருந்து பதில் வந்தது. ஞானமுத்து படித்துக் காட்டினார். குழந்தை நல்ல நிலையில் ஒப்படைக்கப்பட்டது. ஏழாம் நாள் சடங்கின்போது, பயிற்சி இல்லாத நாவிதன் ஒருவன் பச்சைக் குழந்தையின் தலையை முரட்டுத்தனமாகக் கையாண்டதால்தான் காயம் ஏற்பட்டது.

எழுதியது அந்த வக்கீலா, டாக்டரம்மாவா தெரியாது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எங்கள் சடங்கையே எடுத்து எங்கள் தலையில் போட்டுவிட்டார்கள். மஸ்தானுக்குச் செய்தி போனதும் பெட்டியோடு ஞானமுத்துவின் ஆபீசுக்கே வந்துவிட்டார்.

"நானா? நானா சார்? ராயபுரத்துல பொறந்த புள்ளயில பாதி தலை எங்கையில சரச்சது! பள்ளம்னு சொன்னவனே நாந்தான் சார்! கத்திய அங்க வெக்கவே இல்ல சார்!" என்று சொல்லிக்கொண்டே அழுதார். தன்னை ஜெயிலில் போட்டுவிடுவார்கள் என்றே நம்பினார்.

ஞானமுத்து வேர்க்கடலையை நிறுத்தினார். "இரு. அங்க வெக்கலயா?"

"வலப்பக்கம் முடிச்சேன். எடப்பக்கம் ஈரம்தான் தொட்டேன்."

"அப்ப புள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, பள்ளத்து மேல முடி இருந்துச்சா?"

நானும் காதரும் மஸ்தானும் ஒரே குரலில் "இருந்துச்சு" என்றோம். அரை மொட்டை! அந்த வார்டில் படுத்திருந்த அத்தனை பேரும் பார்த்துச் சிரித்த தலை. மழித்த பக்கத்தில் கீறல்கூட இல்லை. கத்தி போகாத பக்கத்தில்தான் எலும்பு உள்ளே போயிருந்தது. தடவினாலே அமுங்குகிற எலும்பு அது என்றால், வலப்பக்கமும் அல்லவா அமுங்கியிருக்க வேண்டும்.

ஞானமுத்து நேராக அந்தப் பேச்சுக் குறைந்த சர்ஜனிடம் போனார். யார் தப்பு என்று அவர் கேட்கவே இல்லை. "டாக்டர், நீங்கள் பார்க்கும்போது எந்தப் பக்கம் முடி இருந்தது?" என்று மட்டும் கேட்டார். சர்ஜனுக்கு முதல் முறையாகச் சிரிப்பு வந்ததாம். "அதை மறக்க முடியுமா? காயத்துக்கு மேல் இருந்த முடியை எடுத்தது எங்கள் ஆஸ்பத்திரி கத்தி. இதைச் சொல்ல எந்தக் கோர்ட்டுக்கும் வருகிறேன்" என்றாராம்.

7

பிராது போட்டு, இரண்டு வாய்தா முடிந்து, ஒரு நாள் டாக்டரம்மா ஞானமுத்துவின் ஆபீசுக்கே வந்தார். தன் வக்கீலைக்கூட வெளியில் உட்காரவைத்துவிட்டார். ஜுபைதாவிடம்தான் பேச வேண்டும் என்றார்.

"இரண்டு தடவை ஆயுதம் போட்டேன்," என்றார். "முதல் தடவை பிடி சரியாக விழவில்லை. குழந்தை அழுததும் பிழைத்துவிட்டது என்று நிம்மதியாகிவிட்டது. பிறகு தலையைத் தடவும்போது பள்ளம் தெரிந்தது. சில குழந்தைகளுக்குத் தானாகவே நிமிர்ந்துவிடும். இவனுக்கும் நிமிர்ந்துவிடும் என்று நினைத்தேன். சொன்னால் நீங்கள் பயப்படுவீர்கள் என்று சொல்லவில்லை." ஜுபைதா மடியில் இருந்த பிள்ளையின் தலையைப் பார்த்தார். "நானும் பயந்துவிட்டேன் அம்மா. அதுதான் உண்மை. நாவிதர்மேல் பழி போட்டதும் தப்பு."

ஜுபைதா யூசுப்பை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். "இத அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா, அன்னிக்கே தூக்கினு ஓடியிருப்போமேமா" என்றாள், அவ்வளவுதான். டாக்டரம்மா அழுதார். ஜுபைதாவும் அழுதாள். காதர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான். நர்சிங் ஹோமின் கண்ணாடியை எல்லாம் உடைக்கக் கிளம்பியவன் கண்ணில் தண்ணீர்.

ராஜியாகிவிட்டது. ஆனால் மைனர் பிள்ளை விஷயத்தில் பெரியவர்கள் கை குலுக்கிக்கொண்டால் போதாது. அது பிள்ளைக்கு நல்லதா என்று ஜட்ஜ் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். அன்று கோர்ட்டில் காதர் யூசுப்பைத் தூக்கி நிறுத்திக் குல்லாவைக் கழற்றினான். தழும்பைப் பார்த்த ஜட்ஜ், "இந்தப் பணம் உனக்கு இல்லை, பையனுக்கு. வைத்தியத்துக்கு மட்டும் எடுக்கலாம். மீதி அவன் பெரியவனாகும்வரை கோர்ட்டில்தான் இருக்கும். சம்மதமா?" என்று கேட்டார்.

"துட்டு அவனுதுதான் ஐயா," என்றான் காதர். "எனக்கு வேண்டியது அந்தம்மா வாயால வந்துட்ச்சு."

ஜட்ஜ் அதை எழுதிக்கொண்டாரா என்று தெரியாது. யூசுப் அவரைப் பார்த்துப் பொக்கை வாயால் சிரித்தான். அந்த டாக்டரம்மா இன்றும் பிரசவம் பார்க்கிறார். ஆயுதம் போட்டால், குழந்தையைக் கையில் கொடுக்கும்போதே குல்லாவைக் கழற்றிக் காட்டி, இது இது என்று சொல்லித்தான் கொடுக்கிறாராம். காலடிப்பேட்டையில் இருக்கும் நபீஸாவின் அண்ணன் மனைவி அங்கேதான் பெற்றாள், அவளே கடிதத்தில் எழுதினாள்.

8

யூசுப்புக்கு இப்போது ஒன்பது வயது. வலது கையும் வலது காலும் இன்னும் கொஞ்சம் மந்தம்தான். எழுதுவது, சாப்பிடுவது எல்லாம் இடது கை. விருந்தில் பெரியவர் யாராவது கண்டித்தால் காதர் சண்டைக்குப் போவான்: "அவன் பீச்சாங்கையாலதான் துன்னுவான். அல்லா பாத்துக்குவாரு, உனக்கு இன்னா?" இந்த வருஷம் வலது கையால் டம்ளரைப் பிடித்துத் தண்ணீர் குடித்தானாம். வியாசர்பாடிப் பையன்களோடு பந்து விளையாடுகிறான். வலது கால் சொன்னபடி கேட்காததால் இடது கால் பலமாகிவிட்டது. இடது காலால் உதைக்கிறவன் எந்த அணிக்கும் சுலபத்தில் கிடைக்க மாட்டான். இடது ஓரத்தில் ஆடும் லெப்ட் அவுட்டுக்கு இவனைத்தான் இழுக்கிறார்களாம், ஓட்டம் கொஞ்சம் குறைவென்றாலும்.

இன்று இங்கே என் மகளுக்கு ஏழாம் நாள். தாய்மாமன் திருவொற்றியூரில் இருக்கிறார், மடிக்கு எங்கே போவது? கடையநல்லூர்க்காரர்கள் மாமன் மடி எல்லாம் எந்தக் கிதாபிலும் இல்லை என்றார்கள். எங்கள் தெருவில் உண்டு என்றேன். கடைசியில் மும்தாஜ் மடியில் வைத்துக்கொண்டாள். ரொக்கியா அக்காளும் மற்ற மலாய்ப் பெண்களும் சுற்றி உட்கார்ந்தார்கள். நாவிதர் வலப்பக்கத்தை மழித்து முடித்துக் கத்தியைத் துடைத்தார். கொஞ்ச நேரம் என் மகளும் ஓர் அரை மொட்டை.

மழித்த இடத்தில், காதுக்குப் பக்கத்தில், மங்கலாக ஒரு தடமும் சின்னப் புடைப்பும் தெரிந்தன. மும்தாஜ் அதில் விரலை வைத்து, இது என்ன அத்தா என்று மலாயில் கேட்டாள்.

"ஒண்ணு..." என்று ஆரம்பித்துவிட்டேன். ஒன்றுமில்லை என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, தமிழில் எல்லாவற்றையும் சொன்னேன். யூசுப்பைப் பற்றியும் சொன்னேன். அவளுக்கு எவ்வளவு புரிகிறது என்று சந்தேகமாகத்தான் இருந்தது.

அவள் கேட்டு முடித்தாள். பிறகு ரொக்கியா அக்காள் பக்கம் திரும்பி மலாயில் சொல்ல ஆரம்பித்தாள். தங்கச்சி தலை திரும்பாமல் நின்றுவிட்டாள், டாக்டர் குறடு போட்டுக் கூட்டிவந்தார், இது அதன் தடம், போய்விடும். வீங்கினாலோ, பால் குடிக்காவிட்டாலோ, கை ஆடாவிட்டாலோ உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள். துப்பாக்கி எதுவும் வரவில்லை. நான் சொன்னதில் ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. பெண்கள் ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்துத் தலையாட்டினார்கள்.

"இடப்பக்கம் எடுக்கலாமா?" என்று நாவிதர் கேட்டார்.

ஈர முடிக்குள் கட்டைவிரலை விட்டு, காதுக்கு மேலே மெதுவாக நீவிப் பார்த்தேன். எங்கேயும் நிற்கவில்லை. குழந்தை கொட்டாவி விட்டாள்.

"எடுங்க" என்றேன்.